ஆற்றைப் பார்க்கலாம், ஆற்றுக்காகப் பேசக் கூடாதாம்



இந்த முறை மடலுக்கு வேற ஒரு விஷயம்தான் எழுத நினைச்சிருந்தேன். ஆனால் போன மாதம் ஒரு படிவம் நிரப்பினதிலிருந்து இது ஒன்றுதான் தலைக்குள்ள ஓடிக்கொண்டிருக்குது. எழுதி இறக்கி வைக்கிறேன்.

ஸ்காபரோவில் பாடசாலை முடிஞ்ச பிறகு நடக்கிற வீட்டுப்பாட உதவி வகுப்பு ஒன்றில் நான் கிழமைக்கு இரண்டு நாள் உதவி செய்யிறனான். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகள். பாதிப் பேர் எங்கட பிள்ளைகள், மிச்சம் ஆப்கானிஸ்தான், பிலிப்பீன்ஸ், கரீபியன். ஒரு சனிக்கிழமை ஹைலண்ட் கிரீக் ஓடைக்கு நடந்து போவம், போத்தலில தண்ணி எடுப்பம், பிறகு வந்திருந்து கிராசி நரோஸ் ஆற்றைப் பற்றிக் கதைப்பம் என்று திட்டம் போட்டேன். படிவத்தில ஒரு கேள்வி: இந்த நிகழ்வில் அரசியல் உள்ளடக்கம் உண்டா? நான் ‘உண்டு’ என்று போட்டேன். தண்ணியில அரசியல் இல்லாமல் வேற என்ன இருக்குது?

அடுத்த நாள் பொறுப்பாக இருக்கிற அக்கா அழைப்பெடுத்தா. "தம்பி, ஓடையைப் பார்க்கப் போறதில பிரச்சினை இல்லை. தவளை, மீன், குப்பை பொறுக்கிறது எல்லாம் நல்லம். அந்த மேர்க்குரிக் கதையை மட்டும் விடுங்கோவன். கல்விச் சபைக்கு என்ன நடந்தது என்று தெரியும்தானே. எங்கட நிதியும் போயிடும்."

அக்காவில எனக்குக் கோபம் இல்லை. அவ பயப்பிடுறதுக்குக் காரணம் இருக்குது. அந்தப் பயத்தை உண்டாக்கினவையோடதான் என்ர சண்டை.

அன்றைக்கு என்ன நடந்தது

2024 செப்டெம்பர் 18. கிராசி நரோஸ் சனம் ரொறன்ரோவுக்கு வந்து குயின்ஸ் பார்க் நோக்கி நடந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் நடத்துகிற ‘ரிவர் ரன்’ ஊர்வலம் அது. ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபையின் பல பாடசாலைகள் அதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயின. கல்விச் சுற்றுலா என்ற பெயரில். ஊர்வலத்தில் சிலர் பலஸ்தீனத்துக்கு ஆதரவான கோஷங்களை எழுப்பின காணொளிகள் வெளியே வந்தன. அவ்வளவுதான். மாகாண முதல்வர் டக் ஃபோர்ட், ஆசிரியர்கள் தங்கட கருத்தைப் பிள்ளைகளின் மண்டைக்குள் ஏற்றப் பார்க்கினம் என்ற பொருளில் கொதித்தார். அப்போதைய கல்வி அமைச்சர் ஜில் டன்லொப் விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரணையை பற்றிக் கேஸ் நடத்தினார். கல்விச் சபை மன்னிப்புக் கேட்டது.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கட ஆட்கள் சில பேர் இதைத் தட்டிக் கழிக்கினம். பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போகினம், அங்கே என்ன நடக்கும் என்று பெற்றோருக்கு முழுசாகச் சொல்ல வேண்டியது கட்டாயம். அங்கே நின்ற ஒரு யூதப் பிள்ளைக்கு தான் தனிச்சுப்போனதாக ஒரு உணர்வு வந்திருந்தால் அது பொய் உணர்வு இல்லை. அந்தப் பிள்ளையோட உட்கார்ந்து கதைக்க வேண்டியதும் ஆசிரியரின் வேலைதான். காசாவில் நடக்கிறதைப் பற்றி எங்கட கூட்டு என்ன நினைக்குது என்று இந்த மடலைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அதற்காக ஒரு 12 வயசுப் பிள்ளையின் கலக்கத்தை நாங்கள் சின்னதாக்கத் தேவையில்லை.

ஆனால் அதுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கோ. கிழமைக்கணக்காகப் பத்திரிகை, வானொலி, சட்டசபை எல்லாம் இதைப் பற்றித்தான் கதைச்சது. அந்தக் கதைக்குள்ள பாதரசம் எங்கே? ஊர்வலம் எதுக்காக வந்தது என்ற கேள்வி எங்கே? 1,700 கிலோமீற்றர் அளவு தூரத்திலிருந்து நோயோட வந்த சனம், தங்கட சொந்த ஊர்வலம் பற்றிய செய்தியிலேயே பின்னணிப் படமாகிப் போச்சுது. இதைவிட ஒரு அரசாங்கத்துக்கு வசதியான திசைதிருப்பல் கிடைக்காது.

பாதரசத்தின் கதை

தெரியாத தோழர்களுக்காகச் சுருக்கமாக. வடமேற்கு ஒன்ராறியோவில் டிரைடன் என்ற ஊரில் ஒரு கடதாசிக் கூழ் ஆலை. 1962-க்கும் 1970-க்கும் இடையில் அங்கிருந்து ஏறத்தாழ 9 தொன் பாதரசம் வாபிகூன் ஆற்றுக்குள் விடப்பட்டது. ஆறு கீழே இறங்கிப் போகிற வழியில்தான் கிராசி நரோஸ், வாபசீமூங் என்ற அனிஷினாபே சமூகங்கள் இருக்குது. ஆற்றின் அடிச் சேற்றில் இருக்கிற பக்டீரியாக்கள் அந்தப் பாதரசத்தை மெதைல் பாதரசமாக மாற்றும். அது சின்னப் பூச்சிக்குள் போய், பூச்சியைத் தின்ற மீனுக்குள் போய், அந்த மீனைத் தின்ற பெரிய மீனுக்குள் போய், ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போகும். கடைசியில் பிக்கரல் மீன் சாப்பிடுகிற மனிசரின் நரம்பு மண்டலம். கை நடுக்கம், விறைப்பு, நடையில் தள்ளாட்டம், பக்கப் பார்வை சுருங்கிப்போகுதல். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் அடையாளம் காணப்பட்ட அதே நோய். மினமாட்டாவில் வேலை செய்த மருத்துவர் மசசூமி ஹராடா 1975-ல் இங்கே வந்து பரிசோதித்தார். 2016-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று, அந்தச் சமூகங்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் பாதரச நஞ்சின் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னது.

1970-ல் மீன்பிடித் தொழிலை மூடினார்கள். நஞ்சு மீனோட மட்டும் நிற்கவில்லை. மீன்பிடி போனதோட வருமானம் போச்சுது, உணவு போச்சுது, தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கிற தொழில் போச்சுது. 1980களின் நடுப்பகுதியில் ஒரு இழப்பீட்டு உடன்பாடு வந்தது, ஆனால் ஆறு சுத்தமாகவில்லை. சுத்தமாக்க 85 மில்லியன் டொலர் தருவதாக மாகாணம் 2017-ல்தான் வாக்களித்தது. 2024 மே மாதம் வெஸ்ரேண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்று சொன்னார்கள்: ஆலையிலிருந்து இப்பவும் வெளியேறுகிற சல்பேட்டும் சேதனப் பொருட்களும் மெதைல் பாதரசம் உருவாகிறதை இன்னும் கூட்டுது. அடுத்த மாதமே கிராசி நரோஸ் மத்திய அரசுக்கும் ஒன்ராறியோவுக்கும் எதிராக வழக்குப் போட்டது. மூன்று மாதம் கழித்து ஊர்வலம் வந்தது.

இப்ப சொல்லுங்கோ. வேதியியல், உயிரியல், உணவுச் சங்கிலி, புவியியல், வரலாறு, குடியியல், சட்டம். ஒரே ஆற்றில் இத்தனை பாடமும் இருக்குது. இதைவிடப் பெரிய சூழல் கல்வி வகுப்பு இந்த மாகாணத்தில் எங்கே இருக்குது? அந்த வகுப்பு தன்ர சொந்தக் காலில நடந்து பிள்ளைகளைத் தேடி ரொறன்ரோவுக்கே வந்தது. நாங்கள் அதை ஒரு ஒழுங்குமீறலாக்கிப் பதிவு செய்தோம்.

அவர்களின் சொந்த எழுத்து

இதில பெரிய பகிடி என்னவென்றால், நான் சொல்லுறது ஒன்றும் இடதுசாரிகள் புதுசாகக் கண்டுபிடிச்சது இல்லை. விண்வெளி வீராங்கனை ரொபேட்டா பொண்டார் தலைமையிலான குழு 2007-ல் அறிக்கை கொடுத்தது. அதைப் பின்பற்றி ஒன்ராறியோ கல்வி அமைச்சு 2009-ல் ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. அதில் சூழல் கல்விக்கு மூன்று கால்கள் வைச்சினம்: சூழலைப் பற்றிய கல்வி, சூழலில் வைத்து நடக்கும் கல்வி, சூழலுக்கான கல்வி. அதுக்கும் முன்னம், 1977 ஒக்டோபரில் யுனெஸ்கோவும் ஐ.நா. சூழல் திட்டமும் ஜோர்ஜியாவின் திபிலிசியில் நடத்தின மாநாடு ஐந்து நோக்கங்களைச் சொன்னது: விழிப்பு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. பங்கேற்பு என்று தெளிவாக எழுதியிருக்குது. கனடாவும் ஏற்றுக்கொண்ட சர்வதேச வரைவிலக்கணம் இது.

சூழலைப் பற்றிப் படிக்கலாம். உணவுச் சங்கிலி வரைஞ்சு அம்புக்குறி போடலாம், புள்ளி கிடைக்கும். சூழலில் வைத்துப் படிக்கலாம். றூஜ் பூங்காவுக்குப் போய் மேப்பிள் இலை பொறுக்கலாம், படம் எடுத்து பாடசாலை இணையத்தளத்தில் போடுவினம். மூன்றாவது கால்தான் பிரச்சினை. ‘சூழலுக்கான’ என்ற அந்த ஒரு வேற்றுமை உருபுதான் 2024 செப்டெம்பரில் விசாரணைக் கூண்டில் ஏறினது.

அந்தக் காலை வெட்டிப்போட்டு, அதுக்குப் பதிலாக ஒரு பொய்க்கால் பூட்டியிருக்கினம். அதை எல்லாரும் கண்டிருப்பீங்கள். நீலப் பெட்டிக்குள் எதைப் போடுறது. பல்லு விளக்கேக்க தண்ணியைப் பூட்டு. லைற்றை அணை. உன்ர காபன் தடம் எவ்வளவு? ‘காபன் தடம்’ என்ற சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது பீ.பீ. எண்ணெய்க் கம்பனியின் 2000களின் விளம்பரங்கள் என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தரேல்லை. எண்ணெய் விற்கிறவன் தன்ர தடத்தை மறைச்சுப்போட்டு 11 வயசுப் பிள்ளையின் சப்பாத்துத் தடத்தை அளக்கச் சொல்லுறான். பிள்ளையும் அளந்துபோட்டு, தான்தான் உலகத்தைக் கெடுக்கிறன் என்று இரவில நித்திரை இல்லாமல் கிடக்குது. பிறகு ‘சூழல் பதற்றம்’ என்று அதுக்கு ஒரு பெயரும் வைச்சு, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கினம்.

என்ர அனுபவத்தில, கிராசி நரோஸ் கதையைக் கேட்ட பிள்ளைக்குப் பதற்றம் குறையுது. ஏனென்றால் அந்தக் கதையில ஊற்றினவன் யார் என்று தெரியும். எதிர்த்தவை யார் என்றும் தெரியும். 2002 டிசம்பரில் அந்த ஊர் இளைஞர்கள்தான் முதன்முதலில் பாதைக்குக் குறுக்கே மரத்தைப் போட்டு, மரம் வெட்டுகிற கம்பனிகளின் வாகனங்களை மறிச்சினம். உங்கட வயசு ஆட்கள். அந்த மறியல் கனடாவின் மிக நீண்ட மறியல் போராட்டமாகியது.

எங்கட கிணறு

இப்ப எங்கட வீட்டுக்கு வருவம். "கிராசி நரோஸ் அவையின்ர பிரச்சினை, எங்களுக்கு எங்கட பிரச்சினையே போதும்" என்று சொல்லுற மாமாமார் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கினம். அவைக்கு ஒரு சொல்: சுன்னாகம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. எங்கட ஆறு நிலத்துக்குக் கீழே, சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்குது. கிணறு என்றது அந்த ஆற்றைத் திறந்து பார்க்கிற யன்னல். சுன்னாகத்தில் நொதேண் பவர் என்ற தனியார் நிறுவனம் டீசல் மின்நிலையம் நடத்தினது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியை இழுத்தால் எண்ணெய் மணம். அதை முதலில் கண்டுபிடிச்சது ஆய்வுகூடம் இல்லை, சமையலுக்குத் தண்ணி அள்ளின பெண்கள். பிறகு குழுக்கள் வந்தன, ஆய்வுகள் வந்தன, ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் வந்தன. 2015-ன் தொடக்கத்தில் சனம் வீதிக்கு வந்தது. மின்நிலையத்தை நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரல் 4-ம் திகதி தீர்ப்பு வந்தது: மாசுபடுத்தினவர் செலுத்த வேண்டும், பாதிக்கப்பட்ட குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு.

ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்கோ. இலங்கையில ஆரம்பப் பாடசாலையில ‘சுற்றாடல்சார் செயற்பாடுகள்’ என்று ஒரு பாடமே இருக்குது. ‘எமக்குக் கிடைக்கும் நீர்’ என்ற மாதிரி ஒரு அலகு படிச்சு, கிணற்றுப் படத்துக்கு நீல நிறம் தீட்டின பிள்ளை வீட்டை வந்து பார்க்கேக்க கிணற்றில எண்ணெய். அந்தப் பிள்ளைக்குப் பாடப் புத்தகம் என்ன சொல்லித்தந்தது? கிணற்றை மூடி வைக்க வேண்டும், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கக் கூடாது. ஊற்றினவனைப் பற்றி ஒரு வரி இருந்திருக்குமா? கிணற்றைப் பற்றிய பாடம் பாடசாலையில் நடந்தது. கிணற்றுக்கான பாடம் வீதியிலும் நீதிமன்றத்திலும் நடந்தது. தீர்ப்பை வாங்கித் தந்தது இரண்டாவது பாடம்தான்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி இந்திய உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. அந்தக் கட்டாயப் பாடத்தைப் படிச்சு வளர்ந்த தலைமுறை 2018 மே 22-ம் திகதி, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாளில், தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. பொலிஸ் சுட்டதில் 13 பேர் செத்துப்போச்சினம். அதில் பதின்ம வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியும் இருந்தாள். புத்தகத்தில் ‘காற்று மாசு’ என்று எழுதிப் புள்ளி வாங்கலாம். அதே சொல்லைப் பதாகையில் எழுதினால் குண்டு. கனடாவில் குண்டு இல்லை, படிவம் இருக்குது. இரண்டும் ஒன்றில்லை, அந்த வித்தியாசத்தை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் பயம் ஒன்றுதான்: படிச்ச பிள்ளை படிச்சதை நம்பிச் செயலில இறங்கிவிடுமோ என்ற பயம்.

நாங்களும் ஒரு கல்விச் சுற்றுலாதான்

2009-ல் நான் பதினோராம் வகுப்பு. ஏப்ரல் மாதம் முழுக்க யூனிவேர்சிற்றி அவெனியூவில் அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் நின்றோம். மே 10-ம் திகதி, அன்னையர் தினம், கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறினோம். தள்ளுவண்டியில குழந்தையோட அம்மாமார் இருந்தார்கள். அன்றைக்கும் கேட்டது இதே கேள்விதான்: பிள்ளைகளை ஏன் கொண்டுவந்தனீங்கள்? அரசியலுக்குள் பிள்ளைகளை ஏன் இழுக்கிறீங்கள்? அரசியல் எங்கட வீட்டுக்குள் வந்து எங்கட சொந்தக்காரரைப் பதுங்குகுழிக்குள் தள்ளியிருந்தது. நாங்கள் எங்கே போய் இழுக்கிறது?

அந்த வீதியில நான் படிச்ச பாடத்தை எந்த வகுப்பிலும் படிக்கேல்லை. பத்திரிகை எப்படி எழுதும், பொலிஸ் எப்படி நிற்கும், எந்த அரசியல்வாதி எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவார் எல்லாம் அங்கேதான் படிச்சது. என்னை இந்த மடலில் எழுத வைச்சதும் அதுதான். ஆகவே 2024-ல் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து ‘மூளைச்சலவை’ என்று எங்கட ஆட்களே வட்ஸ்அப் குழுவில் எழுதேக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பதினைஞ்சு வருசத்துக்கு முன்னம் எங்களுக்கு எறிஞ்ச கல்லைப் பொறுக்கி வைச்சிருந்து, இப்ப இன்னொருத்தருக்கு எறியிறம்.

எங்கட அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை

ஒன்ராறியோவில் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ் எடுக்க 40 மணித்தியாலம் சமூக சேவை செய்ய வேண்டும். எங்கட சங்கங்கள் இளவேனில் காலத்தில் மரநடுகை வைக்குது. ரீசேட் அடிக்குது, பதாகை பிடிக்குது, நகரசபை உறுப்பினர் மண்வெட்டியோட ஒரு படம் எடுக்கிறார், பிள்ளைக்கு 4 மணித்தியாலத்துக்குக் கையெழுத்துக் கிடைக்குது. மரம் நடுறது பிழை என்று நான் சொல்லேல்லை. மரம் நல்லது. ஆனால் 2022 நவம்பரில் பசுமை வளையத்திலிருந்து 7,400 ஏக்கர் நிலத்தை வீடு கட்டுகிற முதலாளிமாருக்குத் திறந்துவிட அதே மாகாண அரசு அறிவிச்சதே, அப்ப எத்தனை மரநடுகைச் சங்கம் வாய் திறந்தது? அதில் பெரிய பங்கு பிக்கரிங்கில், றூஜ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்த விவசாய நிலம். ஸ்காபரோவிலிருந்து கூப்பிடு தூரம். அந்த முடிவால் நிலச் சொந்தக்காரருக்கு 8 பில்லியன் டொலருக்கு மேல் பெறுமதி கூடும் என்று கணக்காய்வாளர் நாயகம் 2023 ஓகஸ்டில் எழுதினா. சனம் கொதிச்சது. செப்டெம்பரில் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டு முடிவை வாபஸ் வாங்கினார். நூறு கன்று நட்டு ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பற்றி மௌனமாக இருக்கப் பழக்குகிற கல்வி, பிள்ளைக்கு மண்வெட்டி பிடிக்கிறதை மட்டும்தான் சொல்லிக்கொடுக்குது.

இன்னுமொன்று. மல்வேணில் வளர்ந்த தோழர்கள் கை உயர்த்துங்கோ. மக்லூர் கிரசென்ற் பற்றி உங்கட பாடசாலையில சொல்லித்தந்தவையா? 1940களில் அந்தப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் ரேடியம் பிரிச்செடுக்கிற வேலை நடந்தது. பிறகு அந்த நிலத்தில வீடு கட்டிச் சனத்தைக் குடியேற்றினார்கள். 1980-ல் வீட்டு மண்ணில் கதிரியக்கம் இருக்கிறது கண்டுபிடிக்கப்பட்டது. சனம் சண்டை பிடிச்சு, கடைசியில் 1995-ல்தான் மண்ணை அள்ளினார்கள். அந்த மண்ணின் ஒரு பகுதி பாஸ்மோர் அவெனியூவில், கண்காணிப்போட, இப்பவும் இருக்குது. மல்வேண் பிள்ளைக்கு அமேசன் காட்டைப் பற்றித் தெரியும். தான் நடந்து போகிற தெருவைப் பற்றித் தெரியாது. இதை மறதி என்று சொல்ல எனக்கு மனம் வரேல்லை. எதைப் பாடமாக்கிறது, எதை விடுகிறது என்று யாரோ ஒரு மேசையில் இருந்து முடிவெடுக்கினம்.

"நடுநிலையாக இருக்க வேண்டாமா?"

பாடசாலை நடுநிலையாக இருக்க வேண்டும் என்று சொல்லுவினம். ஆற்றின் மேல்பக்கம் ஆலை, கீழ்பக்கம் ஊர். இதுக்கு நடுவில நிற்கிறது என்றால் எங்கே நிற்கிறது? ஆசிரியர் பிள்ளைக்கு முடிவைத் தீத்தக் கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ளுறன். ஆலைக் கம்பனி என்ன சொன்னது, அரசு என்ன சொன்னது, வேலை இழக்கப் போற தொழிலாளி என்ன சொன்னார் என்று எல்லாத்தையும் மேசையில போட வேண்டும். டிரைடனில் அந்த ஆலையை நம்பி வாழுற குடும்பங்களும் இருக்கினம், அவையும் கதையின் பகுதிதான். ஆனால் மேசையைப் பூட்டி வைச்சுப்போட்டு அதுக்கு நடுநிலை என்று பெயர் வைக்க ஏலாது.

எங்கட பெற்றோர் கேட்கிறது வேற: "இதெல்லாம் படிச்சு வேலை கிடைக்குமே?" அம்மா, அப்பா, உங்கட கேள்வி நியாயம். ஆனால் உங்கட மகள் நாளைக்கு இரசாயனப் பொறியியலாளராகி ஒரு ஆலையில கையெழுத்துப் போட வேண்டி வரலாம். உங்கட மகன் மருத்துவராகி, கை நடுங்குகிற ஒரு நோயாளியைப் பார்த்து ‘குடியினால்’ என்று எழுத வேண்டி வரலாம். கிராசி நரோஸ் சனத்தில பல பேரின் தள்ளாட்டத்தைப் பார்த்தவை முதலில அப்படித்தான் நினைச்சினம். அந்த மேசையில இருக்கேக்க சரியான கேள்வியைக் கேட்கத் தெரிஞ்ச பிள்ளையாக இருக்க வேண்டுமா, இல்லையா?

என்னைப் பொறுத்தமட்டில் சூழல் கல்வியின் பயன் மூன்று கேள்வியில் அடங்கும். ஊற்றினது யார்? அது தெரிஞ்சும் சும்மா இருந்தது யார்? விலை குடுக்கிறது யார்? இந்த மூன்றையும் எந்த ஓடைக்குப் பக்கத்திலும் நின்று கேட்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு மிச்ச அறிவியல் தானாக ஏறும், ஏனென்றால் அதுக்கு இப்ப அறிவியல் தேவைப்படுது. கேட்கத் தெரியாத பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தாலும் நீலப் பெட்டியோட நிற்கும்.

என்ன செய்வம்

நிலைமை இறுகிக்கொண்டு போகுது. ஒன்ராறியோவின் சுயாதீனச் சூழல் ஆணையர் அலுவலகத்தை 2019-ல் மூடினார்கள். ஒன்ராறியோ அறிவியல் மையத்தை 2024 ஜூன் 21-ம் திகதி ஒரே நாளில் பூட்டினார்கள். பிளெமிங்டன் பார்க், தோண்கிளிஃப் பார்க் பிள்ளைகள் நடந்துபோகக் கூடிய ஒரே அறிவியல் கூடம் அது. 2025 ஜூனில் சட்டமூலம் 5 நிறைவேறினது. அருகிவரும் உயிரினங்களுக்கான பாதுகாப்புத் தளர்ந்தது, ‘சிறப்புப் பொருளாதார வலயம்’ என்று அறிவிச்சால் வழமையான சட்டங்களை ஒதுக்கி வைக்கலாம். அதே மாதக் கடைசியில் நிதி நிர்வாகத்தைக் காரணம் சொல்லி ரொறன்ரோ கல்விச் சபையை மாகாணம் தன்ர மேற்பார்வைக்குள் எடுத்தது. நாங்கள் வாக்களிச்ச சபை உறுப்பினர்களின் கையில் இப்ப அதிகாரம் இல்லை. ஆகவே உறுப்பினருக்கு எழுதுறதோட நிற்காமல் உங்கட மாகாண சட்டசபை உறுப்பினருக்கும் கல்வி அமைச்சருக்கும் எழுதுங்கோ. 2009 ஆவணத்தின் வரைவிலக்கணத்தை அப்படியே எடுத்துப் போட்டு, ‘சூழலுக்கான கல்வி என்று நீங்கள் எழுதினது இன்னும் செல்லுபடியாகுமா?’ என்று கேளுங்கோ. ஆம் அல்லது இல்லை என்று பதில் வரட்டும்.

அடுத்த ரிவர் ரன் வரேக்க நாங்கள் போவம், எங்கட பதாகையோட. அவர்களின் ஊர்வலத்தில் அவர்களின் சொல் முன்னுக்கு வரட்டும். எங்கட வேலை பின்னால் நடக்கிறதும் எண்ணிக்கையைக் கூட்டுறதும். பலஸ்தீனத்துக்கு நாங்கள் ஊர்வலம் போகேக்க எங்கட கோஷத்தை அங்கே போடுவம். கிராசி நரோஸ் தன்ர ஆற்றுக்காக நடக்கேக்க அந்த ஆற்றின் பெயரைச் சொல்லுவம். ஒற்றுமை என்றால் மற்றவனின் மேடையில் ஏறுறது மட்டும் இல்லை, தேவையான நேரத்தில் இறங்கி நிற்கிறதும்தான்.

மரநடுகைக்குப் போற தம்பி, தங்கச்சிமாரே, போங்கோ. 40 மணித்தியாலத்தை எடுங்கோ. மண்வெட்டியைக் கீழே வைச்சுப்போட்டு அந்த நகரசபை உறுப்பினரிட்ட ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்கோ.

வீட்டில அம்மம்மா, அப்பம்மா இருந்தால் கிணற்றைப் பற்றிக் கேளுங்கோ. எந்த மாதம் தண்ணி உவர்க்கும், எந்த ஆழத்தில் கல்லுத் தட்டும், எந்தத் தோட்டத்துக்கு உரம் கூடப் போட்டதால் எந்தக் கிணறு கெட்டது என்று அவைக்குத் தெரியும். அதைப் பதிவு செய்யுங்கோ. அது ஊர் நினைவுக்காக மட்டும் இல்லை. நிலத்தடித் தண்ணியைப் பற்றிய நேரடிச் சாட்சியம் அது, ஒரு நாள் வழக்குக்கே தேவைப்படலாம்.

கடைசியாக அந்தச் சனிக்கிழமை. படிவத்தைத் திருத்தச் சொன்னார்கள். நான் திருத்தேல்லை, வாபஸ் வாங்கினேன். பெற்றோர் ஏழு பேருக்குத் தனித்தனியாக அழைப்பெடுத்து, என்ன கதைக்கப் போறன் என்று முழுசாகச் சொன்னேன், பலஸ்தீனக் கோஷச் சர்ச்சை உட்பட. ஐந்து பேர் ஓம் என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், அது அவர்களின் உரிமை. ஐந்து பிள்ளைகளோட ஹைலண்ட் கிரீக்குக்குப் போனோம். வாபிகூன் ஆற்றின் கதையைச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, இந்தத் தண்ணிக்குள்ள என்ன இருக்குது என்று ஆரிட்டக் கேட்கிறது? கேட்டால் அவை சொல்லத்தான் வேணுமா, இல்லாட்டிச் சொல்லாமலும் விடலாமா?"

எனக்கு முழுப் பதில் தெரியேல்லை. இப்ப அவளும் நானும் சேர்ந்து நகரசபைக்கு ஒரு தகவல் கோரிக்கை எழுதிக்கொண்டிருக்கிறம். பதில் வந்தால் அடுத்த மடலில் போடுறன். வராட்டியும் போடுறன்.

தோழமையுடன்,
ஸ்காபரோவிலிருந்து.